முள் எடுத்த துணுக்குகள்

பேருந்து நிறுவனத்தின் பணியாளர் கையேட்டில் அவருடைய பதவிக்கு எதிரே இப்படி அச்சிட்டிருந்தது: "முதுநிலை தன்னியக்க வல்லுநர். மனிதத் தலையீடு இன்றித் தாமாகவே இயங்கும் கணினி ஏற்பாடுகளை வடிவமைத்து, நிறுவி, தொடர்ந்து மேம்படுத்துபவர்."

மனிதத் தலையீடு இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை. தானாக மூடிக்கொள்ளும் கதவைக்கூடச் சற்று நடந்தபின் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். ஆள் வந்தால் தானாக எரியும் மாடிப்படி விளக்கைக் கண்டால், அது எரிய மறந்துவிடுமோ என்ற கவலையில் கைப்பேசி வெளிச்சத்தையும் போட்டுக்கொள்வார். அலுவலகத்தில் அவர் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது கையேட்டுக்கு நேர் எதிரான வேலை: தாமாகவே ஓடக்கூடிய காரியங்களின் குறுக்கே ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்துவது. அதை அவர் திறமையாகச் செய்தார் என்பதால் யாரும் கையேட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை.

எல்லோரும் அவரை முள்ளக்கா என்றார்கள்.

கணினிப் பிரிவு, பணிமனையின் மேல்மாடியில் இருந்தது. கீழே பேருந்துகளின் அடிவயிற்றைத் திறந்துபோட்டு வேலை செய்வார்கள். அந்த டீசல் வாடையும் வெக்கையும் படிக்கட்டு வழியாக ஏறி வந்து, சர்வர் அறைக் கதவிடுக்கில் கசியும் குளிர்காற்றோடு மோதும். மோதும் இடத்தில்தான் முள்ளக்காவின் மேசை. இடது தோள் வேர்க்கும், வலது தோள் விறைக்கும். அதற்காக ஒரு கம்பளிச் சட்டையை வலது கையில் மட்டும் மாட்டி, மீதியை நாற்காலி முதுகில் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். புதிதாக வருபவர்கள் கையில் ஏதோ அடிபட்டிருக்கிறது என்று விசாரிப்பார்கள்.

அவருடைய புகழெல்லாம் நிறுவனத்தின் உள் இணையதளத்தில் இருந்த ஒரே ஒரு பக்கத்தால் வந்தது. அதற்குத் துணுக்குப் பக்கம் என்று பெயர். கணினியைப் பராமரிப்பவர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும் அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை ஐந்தாறு வரிகளாக அங்கே தொகுத்து வைத்திருந்தார். எடுத்து ஒட்டினால் வேலை முடியும். மற்றவர்கள் இப்படிப்பட்ட துணுக்குகளுக்குத் தொழில்நுட்பப் பெயர்களைத் தலைப்பாக வைப்பார்கள். முள்ளக்கா, உதவி கேட்டு ஓடிவருபவர் வாயிலிருந்து என்ன வருமோ அதையே தலைப்பாக வைப்பார். "டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது, ஆனால் பெரிதாக எதுவும் கண்ணில் படவில்லை." "சர்வர் உயிரோடு இருக்கிறது, பேச மாட்டேன் என்கிறது." "பாதுகாப்புச் சான்றிதழ் நேற்றோடு காலாவதி, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்." எல்லாவற்றிலும் அதிகமாகத் திறக்கப்பட்ட துணுக்கின் தலைப்பு, "நான் எதையுமே தொடவில்லை." அதன் முதல் வரி, கடைசியாக யார் எதைத் தொட்டார்கள் என்று காட்டும் கட்டளை.

முள் பிற்பாடு வந்தது. அதற்குக் காரணம் தாடி.

தாடி என்பவர் அதே பிரிவில் நிரல் எழுதுபவர். கெட்டிக்காரர், வேகமானவர், இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு எடுத்துக்காட்டு. ஒரு நாள் டிஸ்க் நிரம்பிய அவசரத்தில், பழைய கோப்புகளை அழிக்கும் துணுக்கை எடுத்து அப்படியே ஒட்டினார். அதில் முள்ளக்கா தன் கணினியில் இருந்த ஒரு வேண்டாத கோப்புறையின் பெயரை எடுத்துக்காட்டாக எழுதியிருந்தார். அதே பெயரில் தாடி ஒட்டிய சர்வரிலும் ஒரு கோப்புறை இருந்தது. அதற்குள் இருந்தவை, பேருந்துகளில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரல் பதிவுகள். நகல் எடுத்து வைத்தவர் யாருமில்லை. எல்லோரும் மற்றவர் எடுத்திருப்பார் என்று நினைத்திருந்தார்கள். பேசிப் பதிவு செய்த அம்மாளைத் தேடிப்பிடித்து மறுபடி கூப்பிட்டார்கள். வந்தார். ஆனால் அவருக்குக் கடுமையான ஜலதோஷம். காத்திருக்க நேரமில்லை. ஊரின் எல்லா நிறுத்தங்களும் ஒரு பருவம் முழுக்க மூக்கடைத்த குரலில் அறிவிக்கப்பட்டன. குழந்தைகள் அதைப் போலவே பேசிப் பழகினார்கள்.

தாடியை எல்லோரும் திட்டினார்கள். முள்ளக்கா திட்டவில்லை. படிக்காமல் ஒட்டுவது மனித இயல்பு என்பது அவர் கட்சி. இயல்பைத் திட்டிப் பயனில்லை, அதன் வழியில் எதையாவது போட்டுவைக்க வேண்டும். அன்றிலிருந்து அவருடைய துணுக்கு ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு பிழை இருந்தது. முழுதாகப் படித்தால்தான் கண்ணில் படும். படித்துத் திருத்தினால்தான் ஓடும். கோப்புறையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "படிக்காமல்-ஒட்டியவர்" என்று இருக்கும். தேதி வேண்டிய இடத்தில் "தேதியை-நீயே-எழுது" என்று இருக்கும். நடுவில் ஒரு வரி "இங்கே நிறுத்து" என்று மட்டும் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தும். பிழையின் இடம் பழகிப்போய், படிக்காமலே அதை நீக்கக் கற்றுக்கொண்டவர்களுக்காக அவ்வப்போது இடத்தையும் மாற்றிவைப்பார்.

"அக்காவோட துணுக்கு மீன் மாதிரி," என்றார் தாடி. "நல்லா இருக்கும். ஆனா பேசிக்கிட்டே சாப்பிட முடியாது."

பெயர் அப்படி வந்தது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் வேறு ஆள். கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். நாள் முழுக்கப் பொடி எழுத்துகளைப் படிப்பவர், வீட்டுக்கு வந்தால் பால் பாக்கெட்டில் உள்ள தேதியைக்கூடப் பார்க்க மாட்டார். முள்ளக்காவும் பார்க்க மாட்டார். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கல்லூரியில் படிக்கும் மகள் நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்திருந்தாள், அந்தப் புள்ளியை மட்டும் அழுத்துவார். ஊருக்கெல்லாம் முள் வைக்கும் அம்மா வீட்டில் புள்ளியைப் பார்த்து வாழ்கிறாள் என்று மகள் கேலி செய்வாள். வீட்டு இயந்திரம் தவறு செய்தால் சட்டை சாயம்போகும், அவ்வளவுதானே என்பது அவர் பதில். மாடியில் குடியிருந்த நாத்தனார் மட்டும் அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், "எங்க அண்ணி கண்ணசைச்சாதான் ஊர்ல பஸ்ஸே ஓடும்" என்று சொல்லிவைத்திருந்தார். பேருந்து தாமதமானால் அக்கம்பக்கத்தார் வந்து கேட்பதும் அதனால்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது புது மேலாளர் வந்தார்.

மோசமான ஆளாக இருந்திருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் மரியாதையானவர், சொல்வதை முகத்துக்கு நேரே சொல்பவர், மேல்மாடியின் வெக்கையைப் பார்த்துவிட்டு முதல் வாரமே மின்விசிறிக்கு ஏற்பாடு செய்தவர். துணுக்குப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அவர் படித்தார். அந்த நிறுவனத்தில் அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான். முள்ளக்காவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட. படித்து முடித்து அவர் சொன்னது, இவ்வளவு நல்ல துணுக்குகளை யாரும் படிக்கத் தேவையில்லாமல் செய்ய வேண்டும் என்று.

அவருடைய திட்டம் எளிமையானது. ஒவ்வொரு துணுக்கும் திரையில் ஒரு பொத்தானாக ஆக வேண்டும். பிற்பகலில் தொடங்கும் மாலை ஷிப்டில், உதவி கேட்டு வரும் தொலைபேசியை எடுக்கும் ஆள் அதை அழுத்த வேண்டும். வேலை முடிய வேண்டும். பொத்தான்களைக் காட்டும் பலகையைத் தாடி செய்வார். பொத்தானுக்குப் பின்னால் ஓட வேண்டியவற்றை முள்ளக்கா எழுதித் தர வேண்டும், முள்ளை எடுத்துவிட்டு.

பிறகு முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதையும் சொன்னார். பலகையை ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த மாதம் பலகையால் தவறு எதுவும் நேராவிட்டால் முள்ளக்காவின் பதவி தேவையில்லை. வேலை போகாது. கீழே, பயணச்சீட்டுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் மேசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

அந்த மேசை எல்லோருக்கும் தெரியும். நடத்துநர்கள் கோபத்தில் கம்பியில் அடித்த கருவி, மழையில் நனைந்த கருவி, குழந்தை கடித்த கருவி எல்லாம் அங்கே வந்து சேரும். திருகாணியைக் கழற்றி, துடைத்து, மூடிக் கொடுக்க வேண்டும். மேல்மாடியில் எந்த சர்வர் எந்தச் சத்தம் போட்டால் எதற்கு அழுகிறது என்று தாய்க்குத் தெரிவதுபோல் தெரிந்துவைத்திருந்தவருக்கு, அங்கே காது கொடுத்துக் கேட்க ஒன்றுமில்லை. அவர் அந்த இடத்துக்குப் போக விரும்பவில்லை. அதை அவர் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

ஆகவே அலுவலகம் முழுக்க ஒரே எதிர்பார்ப்பு: முள்ளக்கா ஒரு முள்ளையாவது உள்ளே விட்டுவைப்பார். கேன்டீனில் அதைப் பற்றிப் பந்தயம் நடந்தது. கணவரும் அதைத்தான் சொன்னார்.

"எல்லாத்தையும் எடு. ஒண்ணே ஒண்ணை மட்டும் ஆழமா விட்டுடு. யாருக்கும் தெரியாது."

"அப்புறம் அது கெட்டுப்போனா?"

"கெட்டுப்போகத்தானே விடச் சொல்றேன்."

அவர் கணவரை ஒரு பார்வை பார்த்தார். மருந்துக்கடைக்காரர் இப்படிப் பேசலாமா என்று கேட்டார். மருந்தில் அப்படிச் செய்ய மாட்டேன், இது பஸ்தானே என்றார் கணவர்.

முள்ளக்கா எல்லா முள்ளையும் எடுத்தார். எடுத்த விதம்தான் எதிர்பாராதது. முள் என்பது என்ன? படிக்கும் மனிதரை நிறுத்தி யோசிக்கவைப்பது. மனிதர் இல்லையென்றால், அவர் நின்று எதையெல்லாம் யோசிப்பாரோ அதையெல்லாம் நிரலே யோசிக்க வேண்டும். இந்தக் கோப்புறை இந்த சர்வரில் வேறு யாருக்காவது சொந்தமா? நகல் இருக்கிறதா? இதே வேலையை வேறு யாராவது இப்போது செய்துகொண்டிருக்கிறார்களா? ஐந்து வரித் துணுக்குகள் ஐம்பது வரி ஸ்கிரிப்டுகளாக வளர்ந்தன. ஒரு பொத்தானைப் பொறுமையில்லாமல் பத்து முறை அழுத்தினாலும் வேலை ஒரு முறைதான் நடக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு போட்டார். தன்னியக்கத்தை நம்பாதவர் எழுதிய தன்னியக்கம் என்பதால் அது எதையுமே நம்பாமல் வேலை செய்தது. தாடி தான் செய்த பலகையில் அவற்றை ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டே வந்தார். பாதிவழியில் கையை எடுத்துவிட்டு, "அக்கா, உங்க வேலைக்கு நீங்களே இவ்வளவு அழகா குழி வெட்டறீங்களே" என்றார்.

"வெட்டறதுனு வந்தா ஒழுங்கா வெட்டணும் தம்பி. கோணலா வெட்டினா விழறவங்களுக்கு அடிபடும்," என்றார் முள்ளக்கா.

சோதனை மாதம் தொடங்கியது. பலகை ஓடியது. மாலை ஷிப்டின் தொலைபேசிக்காரர், பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்த அமைதியான மனிதர், முதலில் பொத்தானை விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, பிறகு அழுத்தப் பழகிக்கொண்டார். யாரும் முள்ளக்காவைக் கூப்பிடவில்லை. அவர் வலது கையில் கம்பளியோடு உட்கார்ந்து, கூப்பிடாத தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில்லாமல் இருப்பதற்காக அவர் இவ்வளவு வேலை செய்தது அதுவே முதல் முறை.

மாதம் முடியச் சில நாட்களே இருந்தபோது அது நடந்தது.

ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் மறுநாள் வேலை என்ன என்பது பிற்பகலில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். "நாளை இந்த வழி, இந்த வண்டி, இந்த நேரம்" என்று மட்டும் இருக்கும். தேதி இருக்காது, நாளை என்றால் நாளைதானே. சில பிற்பகல்களில் செய்திகள் பாதியில் சிக்கிக்கொள்ளும். அதற்கொரு துணுக்கு இருந்தது, இப்போது ஒரு பொத்தான் இருந்தது. அன்றும் சிக்கியது, தொலைபேசிக்காரர் பொத்தானை அழுத்தினார், செய்திகள் போயின. ஆனால் சற்று நேரத்தில் எல்லோருக்கும் இன்னொரு செய்தியும் போனது. அதில் வேறு வழி, வேறு வண்டி. பிந்தி வந்ததுதான் சரியாக இருக்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அது போன மாதத்தில் ஏதோ ஒரு நாளின் பட்டியல்.

மறுநாள் காலை டிப்போவில் ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர்கள், இன்னொரு வண்டிக்கு யாருமில்லை. விடுப்பில் இருந்த நடத்துநர் ஒருவர் மாமனார் வீட்டு விருந்தை விட்டுவிட்டு வந்து நின்றார். வரும்போது மாமனாரையும் கூட்டி வந்திருந்தார், அவர் நம்பவில்லையாம். போன மாதம் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றுப் போன ஓட்டுநர் ஒருவர், மடிப்புக் கலையாத சீருடையில், எல்லோருக்கும் முன்னால் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் வாய் வரவில்லை. டிப்போ மேற்பார்வையாளர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து வண்டிகளின் பக்கவாட்டிலேயே பெயர்களை எழுதி, தொண்டை கிழியக் கத்தி, காலை முடிவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். பேருந்துகள் தாமதமாயின. பயணிகள் திட்டினார்கள். முள்ளக்காவின் அக்கம்பக்கத்தார் நாத்தனாரிடம் போய்க் கேட்டார்கள். அதற்கு மேல் சேதமில்லை.

அன்று பிற்பகல் மேலாளர் எல்லோரையும் கூட்டினார். விசாரணைக் குறிப்பு தயாராக இருந்தது: பொத்தான் இரண்டு முறை அழுத்தப்பட்டதால் பழைய பட்டியல் மறுபடி சென்றிருக்கிறது. தொலைபேசிக்காரர் தான் ஒரு முறைதான் அழுத்தியதாகச் சொன்னார். சொல்லும்போதே அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மேலாளர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பலகையைத் தான் அவசரப்படுத்திவிட்டதாகவும், சோதனையை இத்தோடு நிறுத்துவதாகவும், பழைய ஏற்பாடே தொடரும் என்றும் சொன்னார். முள்ளக்காவைப் பார்த்து, "நீங்க செஞ்சுக்கிட்டிருந்ததுதான் சரி மேடம். மனுஷங்க நடுவுல இருக்கணும்" என்றார்.

தாடி தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய பலகை அது.

முள்ளக்கா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அவருடைய பதவி தப்பியது. ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம்வரை அவர் சந்தோஷமாக இருந்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு விசாரணைக் குறிப்பைக் கையில் எடுத்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "பொத்தான் இரண்டு முறை அழுத்தப்பட்டதால்."

அப்படி நடக்காது. அதற்குத்தான் பூட்டு போட்டிருந்தார். சொல்லப்போனால் அந்தப் பூட்டுக்கு ஒரு வாரம் எடுத்திருந்தார். பொத்தான்களை அவர் வெறுத்தார் என்பது உண்மை. தான் எழுதிய பொத்தான் இரண்டு முறை அழுத்தினால் குழம்பிவிடும் என்று ஒரு தாளில் யாரோ எழுதியிருப்பதைச் சகிக்க முடியவில்லை என்பதும் அதே அளவு உண்மை. பொய்யைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். தவறான காரணத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

சோதனைக்கென்று தனியாக இருந்த சர்வரில் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். தொடர்ந்து அழுத்தினார். ஒரே ஒரு முறைதான் செய்தி போனது. பின்னால் வந்து நின்ற தாடி, "விடுங்கக்கா. ஜெயிச்சாச்சு. எதுக்கு நோண்டிக்கிட்டு" என்றார்.

"உன் பலகை சரியா இருக்கு, என் பட்டனும் சரியா இருக்கு. அப்போ ரெண்டாவது மெசேஜை யார் அனுப்பினது?"

"பேயா இருக்கும்."

"பேய்னாலும் லாக்-இன் பண்ணித்தான் ஆகணும் தம்பி."

செய்திகளை அனுப்பும் சர்வரில் யார் எப்போது எந்தக் கட்டளையைக் கொடுத்தார்கள் என்ற பதிவு இருக்கும். அதைத் திறந்தார். முதல் அனுப்புதல் பலகையிலிருந்து, மறுநாளைய தேதியோடு, சரியாக. இரண்டாவது பலகையிலிருந்து அல்ல. ஒரு மனிதர் கையால் கொடுத்த கட்டளை. கொடுத்தவர் கணக்கு முள்ளக்காவுடையது.

அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நினைவுகூட இல்லை, விரலில் ஒரு தடம். நேற்றுப் பிற்பகல் அந்த சர்வரில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். செய்திகள் சிக்கி நிற்பது திரையோரத்தில் தெரிந்தது. கூப்பிடாத தொலைபேசியைப் பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்த கை அது. இந்த வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கப்படி, முன்பு கொடுத்த கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும் மேல் அம்புக்குறியைத் தட்டி, தெரிந்த கட்டளை வந்ததும் என்டரை அழுத்தியிருக்கிறார். அது போன மாதம் அவரே முள்ளை எடுத்துவிட்டு, தேதியை எழுதி ஓட்டிய கட்டளை. தேதியும் போன மாதத்துத் தேதி. பழைய கட்டளைகளில் முள் இருக்காது. ஓட்டும் முன்பே அதை எடுத்தாகிவிட்டதே. ஊரையே படிக்கவைத்தவர், தான் எழுதியதைப் படிக்கவில்லை. எழுதியவருக்குப் படிக்க என்ன இருக்கிறது?

தாடி திரையைப் பார்த்தார். முள்ளக்காவைப் பார்த்தார். மூக்கடைத்த குரல்களின் காலத்திலிருந்து அவர் காத்திருந்த நாள் அது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"நான் பாக்கலக்கா," என்று சொல்லிவிட்டுக் கீழே தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்று மாலை சாப்பிடும்போது முள்ளக்கா கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். கணவர் குழம்பைக் கலக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, இதில் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று புரியவில்லை என்றார். வேலை தப்பியிருக்கிறது. யாருக்கும் தண்டனை இல்லை. தொலைபேசிக்காரரையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்த பட்டன் தப்பு பண்ணலைங்க."

"பட்டன் உனக்கு என்ன சொந்தமா? மாமனா, மச்சானா?"

"நான் எழுதினது."

"கம்பளிச் சட்டையும்தான் நீ வாங்கினது. அதுக்காக அழறியா?"

மகள் சிரித்தாள். முள்ளக்கா சிரிக்கவில்லை. நாளைக்கு வேறொருவர் இதே பொத்தானைச் செய்யும்போது பூட்டில் கோளாறு என்று நினைத்து, நன்றாக இருக்கும் பூட்டைப் பிரித்து மேய்வார். அதிலிருந்து உண்மையான கோளாறு வரும் என்று விளக்கினார். கணவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இவ்வளவு நேரமும் நீ வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பட்டனைப் பற்றியே பேசுகிறாய், அப்படியானால் முடிவு செய்துவிட்டாய் என்று அர்த்தம் என்றார். கடையில் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. பிறகு, நாத்தனாரிடம் யார் சொல்வது என்பது பற்றிக் கொஞ்ச நேரம் இருவரும் பேசினார்கள். அதில் முடிவு ஏற்படவில்லை.

மறுநாள் காலை அவர் மேலாளர் அறைக்குப் போனார். பதிவை அச்செடுத்துக் கொண்டுபோய் வைத்து, எந்த வரி பலகையுடையது, எந்த வரி தன்னுடையது என்று காட்டினார். மேல் அம்புக்குறியையும் சொன்னார். மேலாளர் இரண்டு வரிகளையும் ஒப்பிட்டுப் படித்தார். அவர் பிழைத்துக்கொண்டார், அவர் கொண்டுவந்த திட்டமும் பிழைத்துக்கொண்டது. முகத்தில் அந்த நிம்மதியை மறைக்க முயன்றார், முடியவில்லை, அதற்காக வெட்கப்பட்டார்.

"இதை நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார்.

"தெரிஞ்சிருக்காதுதான் சார். இந்தப் பதிவு வாரக்கடைசில தானா அழிஞ்சிடும். அழிக்கற ஸ்கிரிப்டும் நான் எழுதினதுதான்."

"இப்போ நான் என்ன செய்யணும்னு நினைக்கறீங்க?"

"அந்தக் குறிப்பை மாத்துங்க. பட்டன்ல கோளாறு இல்லைனு போடுங்க."

"அதைக் கேக்கலை மேடம். உங்க இடத்தைப் பத்தி."

"அது நீங்க முடிவு பண்றது. குறிப்பு தப்பா இருக்கு, அதைச் சொல்ல வந்தேன்."

மேலாளர் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். இரண்டு மாதம் தள்ளிப்போடலாமா, வேறு பெயரில் ஒரு பதவி இருக்கிறதா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்டார். தலைமை அலுவலகம் அவருடைய சொந்த அறிக்கையையே அவருக்குத் திருப்பி அனுப்பியது. அதில், பலகை பிழையின்றி இயங்கினால் இந்தப் பதவி தேவையில்லை என்று அவரே எழுதியிருந்தார். பலகை பிழையின்றி இயங்கியது என்பதற்கு இப்போது எழுத்துமூலம் சான்று இருந்தது.

திருத்திய குறிப்பு சுற்றுக்கு வந்தபோது கேன்டீனில் பந்தயம் கட்டியவர்களுக்குள் சண்டை வந்தது. முள்ளை உள்ளே விட்டார் என்று கட்டியவர்களும் தோற்றார்கள், விடவில்லை என்று கட்டியவர்களாலும் ஜெயித்ததாக நினைக்க முடியவில்லை. தாடி இரண்டு நாள் முள்ளக்காவின் மேசைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு பிற்பகல் வந்து முள்ளக்காவின் மேசையருகே நின்று, "ஏங்கக்கா, படிக்காமயா ஓட்டினீங்க?" என்று கேட்டார்.

"ஆமா."

"ஒரு வரி கூடவா?"

"ஒரு எழுத்து கூட."

தாடி அந்தக் கம்பளிச் சட்டையைக் கீழே எடுத்துக்கொண்டு போவதா, இங்கேயே விடுவதா என்று கேட்டார். கீழே குளிர் இல்லையே என்றார் முள்ளக்கா. அப்படியென்றால் நான் போட்டுக்கொள்கிறேன் என்று தாடி அதை வாங்கிக்கொண்டார். அவருக்கு அது இறுக்கமாக இருந்தது.

முள்ளக்கா மாதக் கடைசியில் கீழ்த்தளத்துக்குப் போனார். பயணச்சீட்டுக் கருவிகளைத் திறந்து, துடைத்து, மூடுகிறார். மேல்மாடியில் பலகை இன்னும் ஓடுகிறது. அதிலுள்ள பொத்தான்களுக்குப் பின்னால் ஓடும் ஸ்கிரிப்டுகள் அனைத்தையும் எழுதியவர் அவர். அவற்றில் ஒன்று தவறு செய்ததாகச் சொல்லப்பட்டபோது, அது தவறு செய்யவில்லை, தவறு செய்தது தன் கை என்று மேலாளரிடம் போய்ச் சொன்னார்.